விளையாட்டுத்திடலைப் புதுப்பிக்கும் முன்: மக்களிடம் கருத்துக் கேட்பது எப்படி

பழைய விளையாட்டுத்திடலைப் புதுப்பிக்க நிதி வந்துவிட்டது என்றதும் மேசைக்கு முதலில் வருவது உபகரண நிறுவனத்தின் வண்ணப் பட்டியல்தான். அதிலிருந்து மூன்று படங்களை எடுத்து, ஒரு மாலைக் கூட்டத்தில் காட்டி, "எது பிடித்திருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, மக்கள் கருத்துக் கேட்டாயிற்று என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். இப்படிக் கேட்டால் படங்களைப் பற்றிய கருத்துதான் கிடைக்கும். அந்த இடத்தில் யார் விளையாடுகிறார்கள், யார் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, அதற்கு என்ன காரணம் என்பதெல்லாம் தெரியாமலேயே பணம் தீர்ந்துவிடும். குடியிருப்போர் சங்கமோ, உள்ளாட்சி ஊழியரோ, வடிவமைப்பாளரோ, யார் முன்நின்று நடத்தினாலும் கீழே சொல்லும் வேலைகளுக்கு மூன்று மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். தேர்வுக்காலமும் நீண்ட விடுமுறையும் அந்த மூன்று மாதத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எது மாறும், எது மாறாது

யாரிடமும் எதுவும் கேட்பதற்கு முன் ஒரே ஒரு பக்கம் எழுதி முடிக்க வேண்டும். முடிவாகிவிட்டவை எவை என்பது அதில் முதலில் வரட்டும்: திடலின் எல்லை, வெட்டக்கூடாத மரங்கள், நிலத்தடியில் போகும் குடிநீர்க் குழாயும் மின்கேபிளும், மொத்தத் தொகை, பணி முடிய வேண்டிய தேதி. அடுத்து, மக்கள் சொல்வதைப் பொறுத்து மாறக்கூடியவை: எந்த வயதினருக்கு எவ்வளவு இடம், என்னென்ன விளையாட்டு, இருக்கைகளும் நுழைவாயில்களும் எங்கே, வேலி வேண்டுமா, விளக்கு எத்தனை மணி வரை எரியும். கடைசியாக, இறுதி முடிவை யார் எடுப்பார், எந்தத் தேதிக்குள்.

இந்தப் பக்கம் இல்லாமல் தொடங்கினால் என்ன ஆகும் என்று ஓர் உதாரணம். கழிவுநீர் இணைப்பே இல்லாத இடத்தில் "வேறென்ன வசதி வேண்டும்?" என்று கேட்டால் பாதிப் பேர் கழிப்பறை என்பார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் தர முடியாது என்பது உங்களுக்கு முன்பே தெரியும். கேட்டுவிட்டுக் கைவிரிப்பதைவிட, கழிப்பறை ஏன் இப்போது முடியாது, அதற்கு யாரிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுவது நேர்மை.

ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு பணம் இருக்கிறது என்பதையும் அதில் மறைக்காமல் எழுதுங்கள். தரையில் மணலோ மரச்சில்லோ போட்டால் ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும், சுழலும் பொருள் வைத்தால் பேரிங் தேயும், ஊஞ்சல் வைத்தால் சங்கிலியும் கொக்கியும் மாற்ற வேண்டும். அந்தச் செலவு தெரியாமல் சொல்லப்படும் விருப்பம் இரண்டே ஆண்டில் உடைந்த பொருளாக நிற்கும்.

இங்கிலாந்தில் 1985இல் பிரென்ட் நகர மன்றத்துக்கு எதிரான கன்னிங் வழக்கில் நான்கு நெறிகள் வகுக்கப்பட்டன. எந்த நாட்டில் கருத்துக் கேட்டாலும் அவை பொருந்தும். முடிவு எடுக்கப்படாத நிலையிலேயே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களை விளக்க வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். வந்த பதில்களை மனத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுத்த பிறகு நடத்தும் கூட்டம் இவற்றில் முதல் நெறியிலேயே அடிபட்டுப் போகிறது.

கேட்பதற்கு முன் இரண்டு வாரம் பாருங்கள்

மக்கள் சொல்வதும் மக்கள் செய்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் முதல் இரண்டு வாரம் எண்ணுவதற்கு மட்டும். திடலின் எளிய வரைபடம் ஒன்றை ஏ4 தாளில் வரைந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை திடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்வையை ஓட்டி, அந்தக் கணத்தில் எங்கே யார் இருக்கிறார்கள் என்று புள்ளி வையுங்கள். சிறுமிக்கு வட்டம், சிறுவனுக்கு முக்கோணம், பெரியவருக்குச் சதுரம். பக்கத்தில் உத்தேச வயது: 5 வரை, 6 முதல் 11, 12 முதல் மேலே. பெயரும் வேண்டாம், புகைப்படமும் வேண்டாம். பள்ளி நாளில் காலை, பள்ளி விட்ட பிறகு, இருட்டும் நேரம். விடுமுறை நாளில் காலையும் மாலையும். இந்த ஐந்து வேளைகளையும் குறைந்தது இரண்டு முறையாவது பார்த்துவிட வேண்டும்.

புள்ளிகளோடு சேர்த்து, தரை சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள். புல் தேய்ந்து உருவான ஒற்றையடிப் பாதை, மக்கள் உண்மையில் எந்த வழியாக உள்ளே வருகிறார்கள் என்று காட்டும். தேயாமல் பளபளப்பாக நிற்கும் சறுக்குமரம் நண்பகல் வெயிலில் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் போய், எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று குறியுங்கள். கல் பெஞ்சு காலியாகக் கிடக்க, குழந்தையை அழைத்து வந்தவர்கள் மதில் விளிம்பில் உட்கார்ந்திருந்தால், பெஞ்சு தவறான இடத்தில் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அங்கே நிழல் இருக்காது, இல்லையென்றால் அங்கிருந்து குழந்தை கண்ணுக்குத் தெரியாது.

இந்தக் கணக்கெடுப்பைச் செலவு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பின்னால் வரும் எல்லா வாக்குவாதத்திலும் கைகொடுப்பது இந்தத் தாள்கள்தான். வியன்னாவில் 1990களில் நடந்த ஆய்வு ஒன்று, ஏறத்தாழ 10 வயதைத் தாண்டியதும் சிறுமிகள் பூங்காக்களிலிருந்து மறைந்துவிடுவதைக் கவனித்தது; சிறுவர்கள் அப்படி மறையவில்லை. பெரிய திறந்தவெளி ஒன்றே ஒன்று இருந்தால் அதை முதலில் பிடித்துக்கொள்பவர்களுக்கே அது சொந்தமாகிவிடுகிறது. அதன்பின் அங்கே இரண்டு பூங்காக்களில் வெளியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, பாதைகளைக் கூட்டி, கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். விருப்பப் பட்டியல் மட்டும் கேட்டிருந்தால் இந்தக் குறை தெரிந்திருக்காது, ஏனென்றால் வராதவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

வராதவர்களைத் தேடிப் போவது

திடலை மையமாக வைத்து 400 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். சிறு குழந்தையோடு நடந்து வரக்கூடிய தூரம் அவ்வளவுதான். அந்த வட்டத்துக்குள் பரபரப்பான சாலையோ ரயில் பாதையோ குறுக்கிட்டால், அதற்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைத் தனிக் குழுவாக எண்ணுங்கள். அவர்களுக்குத் திடல் பற்றிய முதல் பிரச்சினை ஊஞ்சல் அல்ல, சாலையைக் கடப்பது.

பிறகு ஒரு பட்டியல். பாலர் பள்ளி, தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி. பேரக்குழந்தைகளை அழைத்து வரும் முதியவர்கள். வேலையிலிருந்து இருட்டிய பிறகே திரும்பும் பெற்றோர். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் குடும்பங்கள். திடலை ஒட்டிய வீடுகள். வேறு மொழி பேசும் குடும்பங்கள். எல்லோரும் மறந்துவிடும் ஒரு பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: திடலைத் துப்புரவு செய்பவர். கண்ணாடித் துண்டு எந்த மூலையில் கிடைக்கிறது, எந்தப் போல்ட் மாதாமாதம் தளர்கிறது, இரவில் யார் வந்து உட்கார்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அவரிடம் பணி நேரத்திலேயே, அவருடைய மேலதிகாரி பக்கத்தில் இல்லாதபோது, அரை மணி நேரம் பேசுங்கள்.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் குடும்பங்கள் திடலில் கண்ணில் படாததற்குக் காரணம், பெரும்பாலும் அவர்கள் முன்பே ஒருமுறை வந்து பார்த்துத் திரும்பிப் போனவர்களாக இருப்பது. சிறப்புப் பள்ளி வழியாகவோ சிகிச்சை மையம் வழியாகவோ அழையுங்கள். அவர்களோடு வாசலிலிருந்து உள்ளே நடந்து பாருங்கள். சக்கர நாற்காலி எந்த இடத்தில் நிற்கிறது? தளர்வான மணலில் அது நகராது என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ஓடிப்போய்விடும் இயல்புள்ள குழந்தைக்கு முழு வேலியும் தானாக மூடும் கதவும் எல்லாவற்றையும்விட முக்கியம். இரைச்சல் தாங்காத குழந்தைக்கு ஓர் ஒதுங்கிய மூலை வேண்டும். இவை எதுவும் எந்தப் பட்டியல் புத்தகத்திலும் உபகரணமாக இருப்பதில்லை.

குழந்தைகளிடம் என்ன கேட்பது

ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989இல் நிறைவேறியது. அதன் 31ஆம் பிரிவு விளையாடும் உரிமையைச் சொல்கிறது. 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புப் பெறவும் குழந்தைக்கு இருக்கும் உரிமையைச் சொல்கிறது. திடலைப் பொறுத்தவரை இந்த இரண்டும் ஒரே வேலை.

"உனக்குப் பிடித்த விளையாட்டுத்திடலை வரை" என்று தாளும் வண்ணக்கோலும் கொடுத்தால் பத்துக்கு எட்டுத் தாளில் ஊஞ்சலும் சறுக்குமரமும்தான் வரும். குழந்தை தனக்குத் தெரிந்ததை வரைகிறது. அதனால் பெயர்ச்சொல்லைக் கேட்காமல் வினைச்சொல்லைக் கேளுங்கள்: ஏறுவது, தொங்குவது, சுழல்வது, குதிப்பது, ஒளிவது, தோண்டுவது, சமநிலை பிடித்து நடப்பது, தண்ணீரில் அளைவது, சும்மா உட்கார்ந்து பேசுவது. ஒவ்வொன்றையும் படத்தோடு தனித்தனி அட்டையாகச் செய்து, ஒவ்வோர் அட்டைக்கும் மேலே துளையிட்ட ஒளிபுகாத டப்பா வையுங்கள். ஆளுக்கு மூன்று கோலிக்குண்டு. டப்பா கண்ணாடியாக இருக்கக் கூடாது. சுவரில் புள்ளி ஒட்டச் சொல்வதிலும் அதே சிக்கல்தான்: முதலில் வந்த நான்கு பேர் எதில் போட்டார்களோ அதிலேயே பின்னால் வருபவர்களும் போடுவார்கள். 5 வயது வரை, 6 முதல் 11, 12 முதல் மேலே என்று குண்டின் நிறத்தை மாற்றினால் எண்ணும்போதே வயது பிரிந்துவிடும்.

தொடக்கப் பள்ளி வயதினருக்குச் சிறந்த வழி, அவர்கள் முன்னால் நடக்க நாம் பின்னால் போவது. ஐந்தாறு பேர் கொண்ட குழு, கூடவே இரண்டு பெரியவர்கள், 30 நிமிடம். "பயமாக இருக்கும் இடத்தைக் காட்டு", "அலுப்பாக இருக்கும் இடம் எது", "பெரியவர்களுக்குத் தெரியாத இடம் ஏதாவது இருக்கிறதா" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்கள் பொன்னானவை. புதருக்குப் பின்னாலிருக்கும் மண்மேடு, சாய்ந்த மரத்தின் வேர் போன்றவற்றைச் சுத்தப்படுத்துகிறோம் என்ற பெயரில் அழித்துவிடாமல் காப்பாற்ற அதுதான் வழி. எழுதுபவர் குழந்தையின் சொற்களை அப்படியே எழுத வேண்டும்; "சாகசத் தன்மை தேவை" என்று மாற்றி எழுதினால் அது குழந்தையின் கருத்து அல்ல. பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதி முன்பே வாங்கிவிடுங்கள், தாளில் வயது மட்டும் இருக்கட்டும்.

பதின்ம வயதினரைக் கூட்டத்துக்கு அழைத்தால் வரமாட்டார்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய், பையன்களையும் பெண்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாகக் கேட்டால் பந்து விளையாடும் இடம் பற்றியே பேச்சு முடிந்துவிடும். பெண்கள் தனியாகப் பேசும்போதுதான் வெளிச்சம், வெளியேற இரண்டாவது வழி, முகம் பார்த்து உட்கார இருக்கை, பெரியவர்களுக்கும் தாங்கும் ஊஞ்சல் என்றெல்லாம் வரும்.

பெரியவர்களிடம் கேட்பது

வினாத்தாளில் பத்துக் கேள்விக்கு மேல் வேண்டாம். நின்றபடி ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும். தாளிலும் இருக்கட்டும், கைப்பேசியில் கியூஆர் குறியீடு வழியாகவும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அனுப்பினால் அந்தக் குழுவில் இருப்பவர்களின் கருத்துதான் ஊரின் கருத்தாகிவிடும். குழந்தைகளின் வயது, எத்தனை நிமிட நடை, எவ்வளவு அடிக்கடி வருகிறீர்கள் என்ற மூன்றும் கட்டாயம்; பிறகு பிரித்துப் பார்க்க இவை வேண்டும்.

கேள்வியின் அமைப்பு பதிலைத் தீர்மானித்துவிடும். "பாதுகாப்பான நவீன ரப்பர் தளம் வேண்டுமா?" என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்? "ரப்பர் தளம் போட்டால் சக்கர நாற்காலி போகும், ஆனால் அதே தொகையில் ஒரு பெரிய ஏறுவலை குறையும். மரச்சில்லு மலிவு, ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும். உங்களுக்கு எது சரி, ஏன்?" என்று கேட்டால் மக்கள் யோசிக்கிறார்கள். திடலுக்கு வருவதைத் தடுப்பது எது என்ற ஒரு திறந்த கேள்வியை எப்போதும் வையுங்கள். நிழலின்மை, நாய், இருட்டு, குடிநீர் இல்லாதது என்று உபகரணத்துக்குத் தொடர்பே இல்லாத காரணங்கள் அங்கேதான் வந்து விழும்.

கூட்டம் நடத்துவதானால் மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம். ஒலிபெருக்கி கைக்கு வந்ததும் மூன்று பேர் பேசுவார்கள், அறுபது பேர் கேட்பார்கள். ஆறு முதல் எட்டுப் பேர் உட்காரும் வட்ட மேசைகளாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய வரைபடம், பேச்சை நடத்த ஒருவர், எழுத ஒருவர். ஒன்றரை மணி நேரம் போதும். பக்கத்திலேயே குழந்தைகளுக்கு ஓர் இடமும் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லையென்றால் சிறு குழந்தைகளின் தாய்மார்கள் வர முடியாது. கூட்டத்தைவிட அதிகப் பேரைத் தருவது, ஒரு விடுமுறை நாள் மாலை திடலிலேயே போடும் சாவடி. அதைக் கட்டாயம் போடுங்கள். கூட்டம் வேண்டுமா என்பதை அதன்பின் யோசிக்கலாம்.

வந்ததைப் படிப்பது

எல்லாப் பதிலையும் ஒரே குவியலில் கொட்டிக் கூட்டாதீர்கள். வினாத்தாளைப் பெரியவர்கள்தான் நிரப்பியிருப்பார்கள். கூட்டுத்தொகையில் குழந்தைகளின் குரல் கரைந்துவிடும். குழுவாரியாக வையுங்கள்: ஒவ்வொரு குழுவும் அதிகம் சொன்ன ஐந்து விஷயங்கள், அதற்கு எதிரே கணக்கெடுப்புத் தாள் காட்டுவது. இரண்டும் முரண்படும் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். பன்னிரண்டு பேரே வந்தாலும், சக்கர நாற்காலியில் வரும் ஒரே ஒரு சிறுமி சொன்னது வாக்கெடுப்பில் தோற்கும் விஷயம் அல்ல. உள்ளே வர முடிவது விருப்பத் தேர்வு கிடையாது.

வரைபடமாக்கும்போது தெரிய வேண்டிய எண்கள்

விருப்பங்களை இரண்டு அல்லது மூன்று மாதிரி வரைபடங்களாக ஆக்கி, திரும்ப அதே மக்களிடம் காட்ட வேண்டும். எல்லாமே ஒதுக்கிய தொகைக்குள் அடங்க வேண்டும், ஒரே தரத்தில் வரைந்திருக்க வேண்டும். ஒன்றை வண்ணத்திலும் மற்றதைப் பென்சிலிலும் வரைந்து காட்டுவது நம் விருப்பத்தைத் திணிப்பது.

இந்தக் கட்டத்தில் அளவுகள் குறுக்கே வரும், அவற்றையும் மக்களுக்கு விளக்குங்கள். ஊஞ்சல் எவ்வளவு இடம் தின்னும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டிப்படி, ஊஞ்சல் தொங்கும் புள்ளியின் உயரத்தைப்போல் இரு மடங்கு முன்னாலும் இரு மடங்கு பின்னாலும் காலியாக இருக்க வேண்டும். 2.4 மீட்டர் உயரச் சட்டம் என்றால் மொத்தம் 9.6 மீட்டர் நீளம். மற்ற உபகரணங்களைச் சுற்றி 1.8 மீட்டர். இதை வரைபடத்தில் நிழலிட்டுக் காட்டினால், "ஏன் நாலு ஊஞ்சல் வைக்கவில்லை?" என்ற கேள்விக்கு மக்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

தரையும் அப்படித்தான். அதே வழிகாட்டியில், 23 செ.மீ. ஆழ மணல் 1.2 மீட்டர் உயர வீழ்ச்சிவரைதான் தாங்கும்; அதே ஆழ மரச்சில்லு 3 மீட்டர்வரை தாங்கும். இந்த ஆழம் அமுங்கிய பிறகு இருக்க வேண்டிய ஆழம், ஆகவே 30 செ.மீ. நிரப்பியே தொடங்க வேண்டும். ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்குமரத்தின் முடிவிலும் கால் தள்ளித் தள்ளிக் குழி விழும். பராமரிப்பவர் அங்கேதான் முதலில் அளக்க வேண்டும். ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1176 தடையின்றி விழக்கூடிய உயரத்தை 3 மீட்டரோடு நிறுத்துகிறது. ஊரில் ஒருவர் தாமே கம்பி வளைத்துத் தர முன்வந்தால், 9 செ.மீ. முதல் 23 செ.மீ. வரையிலான இடைவெளிகளைச் சோதியுங்கள்: உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது.

பாதுகாப்பு என்ற சொல்லை வைத்து எல்லாவற்றையும் தாழ்வாக்கிவிடவும் கூடாது. உயரமும் வேகமும் கொஞ்சம் பயமும் இல்லாத திடல் எட்டு வயதுக்குள் குழந்தைகளுக்கு அலுத்துவிடும். பிறகு சறுக்குமரத்தின் கூரைமேல் ஏறுவார்கள். குழந்தை பார்த்து எடைபோடக்கூடிய சவால் வேண்டும். பார்வைக்குத் தெரியாத ஆபத்து மட்டும் வேண்டாம்.

விலையுயர்ந்த உபகரணம்தான் நல்ல திடல் என்பதும் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் 1947 முதல் 1978 வரை கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 700க்கும் மேற்பட்ட திடல்களை வடிவமைத்தார். மணற்குழி, குட்டிக்கரணக் கம்பி, தாவிச் செல்லும் கற்கள், மரங்கள், பெஞ்சு என்று சில எளிய பொருள்களே திரும்பத் திரும்ப வேறு வேறு அமைப்பில் வந்தன. அவற்றில் பல, எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று குடியிருப்பவர்கள் நகராட்சிக்கு எழுதிய கடிதங்களால் உருவானவை.

எதிர்ப்பு வரும் இடங்கள்

அடுத்த வீட்டுக்காரர் சத்தம் என்பார். அவருடைய சன்னலிலிருந்து நின்று பாருங்கள். பந்து இடிக்கும் கம்பிவலையின் அதிர்வொலியா, இரவுப் பேச்சா என்று பிரித்தால் தீர்வும் பிரியும்: முதலாவதற்கு இடம் மாற்றலாம் அல்லது வலையின் பிடிப்பில் ரப்பர் வைக்கலாம், இரண்டாவதற்கு விளக்கு நேரத்தைக் குறைக்கலாம். பதின்ம வயதினர் வேண்டாம் என்று ஒரு குழு சொல்லும். அவர்களுக்கென்று ஓர் இடம் இல்லாதபோதுதான் அவர்கள் சிறு குழந்தைகளின் சறுக்குமரத்தின்மேல் உட்காருகிறார்கள் என்பதைக் கணக்கெடுப்புத் தாளில் காட்டுங்கள். வண்டி நிறுத்துமிடம் பற்றிய சண்டையை இந்தக் கூட்டத்துக்குள் விடவே கூடாது. அதற்கு வேறு தேதி கொடுத்து அனுப்புங்கள்.

பதில் சொல்வது

கருத்துக் கேட்டு முடித்த நான்கு வாரத்துக்குள், திடலின் வாசலில், மழை நனைக்காத ஒரு பலகை. மூன்று பத்திகள்: நீங்கள் சொன்னது, நாங்கள் செய்யப்போவது, செய்யாததற்குக் காரணம். மூன்றாவது பத்தியை எழுதச் சங்கடமாக இருக்கும். ஆனால் மக்கள் முதலில் படிப்பது அதைத்தான், அடுத்த முறை அவர்கள் வாய் திறப்பார்களா என்பதை முடிவு செய்வதும் அதுதான். கருத்துச் சொன்ன பள்ளிகளுக்கு நேரில் போய், குழந்தைகளுக்குப் புரியும் சொற்களில் சொல்லுங்கள். பணி தாமதமானால் புதிய தேதியை அதே பலகையில் மாற்றி எழுதுங்கள்.

திடல் திறந்த மூன்றாவது மாதத்திலும் பன்னிரண்டாவது மாதத்திலும் அதே தாளில், அதே வேளைகளில் மறுபடி புள்ளி வையுங்கள். வட்டங்களும் முக்கோணங்களும் எங்கே கூடியிருக்கின்றன, எந்த வயது இன்னும் காணவில்லை என்று பழைய தாளோடு ஒப்பிடுங்கள். பெஞ்சை நகர்த்தவும், நிழல்வலை கட்டவும், இன்னொரு நுழைவாயில் திறக்கவும் ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். கணக்கை முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது.